கையெழுத்துப் போட்ட வாத்தியார்கள்

உங்கள் மேஜை டிராயரைக் கொஞ்சம் துழாவிப் பாருங்கள். எப்படியும் ஒரு ஜெம் கிளிப் அகப்படும். நாலு பேப்பரைச் சேர்த்துப் பிடிப்பதைத் தவிர அதற்கு வேறு ஜோலி கிடையாது. அந்தக் கம்பித் துண்டைச் சட்டையில் செருகிக்கொண்டு தெருவில் நடந்தால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா?

பிடித்துக்கொண்டு போனார்கள். நார்வே நாட்டில், இரண்டாம் உலகப் போர் சமயத்தில்.

ஆஸ்லோ பல்கலைக்கழக மாணவர்கள் ஆரம்பித்து வைத்த விளையாட்டு அது. கோட்டு மடிப்பில் ஒரு கிளிப். பேப்பரை அது எப்படிச் சேர்த்துப் பிடிக்கிறதோ அப்படி நாம் சேர்ந்து நிற்கிறோம் என்று அர்த்தம். நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மானியர்களுக்கு அர்த்தம் புரிய கொஞ்ச நாள் ஆனது. புரிந்ததும் தடை போட்டார்கள்.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். கிளிப்பைக் கண்டுபிடித்ததே யோஹான் வாலர் என்கிற நார்வேக்காரர்தான், அந்தப் பெருமையில்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு கதை ரொம்ப காலமாக உலவுகிறது. கதைதான். வாலர் ஒரு கிளிப்புக்குக் காப்புரிமை வாங்கியது நிஜம். ஆனால் அது வேறு மாதிரி. உங்கள் டிராயரில் கிடக்கிற ஜெம் ரகம் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. போருக்குப் பிறகு பெருமைக்குப் பெருமை சேர்த்து, 1989ல் ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் ஆளுயரத்தை மிஞ்சும் ராட்சச கிளிப் ஒன்றை நட்டு வைத்தார்கள். பார்த்தால், அதுவும் ஜெம் ரகம்!

கிளிப் இருக்கட்டும். இந்த வாரம் சொல்லப் போவது, துப்பாக்கியே தூக்காமல் ஒரு அரசாங்கத்தைப் பின்வாங்க வைத்த பள்ளிக்கூட வாத்தியார்களின் கதை. கதையில் ஒரு கசப்பான பின்பகுதியும் உண்டு. அதையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு நேராகும்.

*

1940 ஏப்ரல் 9. விடிவதற்கு முன் ஜெர்மன் போர்க்கப்பல்கள் ஆஸ்லோவை நோக்கி வருகின்றன. நார்வே அப்போது 30 லட்சம் பேர் வாழ்கிற தேசம். போரில் யார் பக்கமும் இல்லை, நடுநிலை என்று ஒதுங்கி நின்ற தேசம். ஒதுங்கி நின்றால் விட்டுவிடுவாரா ஹிட்லர்? குளிர்காலத்தில் ஸ்வீடனின் இரும்புத் தாது நார்வேயின் நார்விக் துறைமுகம் வழியாகத்தான் ஜெர்மனிக்குப் போயாக வேண்டும். அந்த நீண்ட கடற்கரை அவருக்குத் தேவை.

முன்னால் வந்த கப்பலின் பெயர் ப்ளூஷர். புத்தம் புதுசு. தலைநகரத்து நிர்வாகத்தைக் கைப்பற்றப் போகிற அதிகாரிகளும் சிப்பாய்களும் அதில்தான் இருந்தார்கள். வழியில் ஆஸ்கர்ஸ்போர்க் என்று ஒரு பழைய கோட்டை. அங்கே இருந்த பீரங்கிகளுக்கு வயது அரை நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. செய்து கொடுத்தது யார் தெரியுமா? ஜெர்மனியின் க்ரூப் கம்பெனி. கோட்டைத் தளபதி பிர்கர் எரிக்சன், மேலிடத்து உத்தரவுக்கெல்லாம் காத்திருக்காமல் சுடச் சொன்னார். பழைய பீரங்கியும் பழைய டார்பிடோவும் சேர்ந்து புதுக் கப்பலைக் கடலுக்கடியில் அனுப்பிவிட்டன.

அதனால் படையெடுப்பு நின்றுவிடவில்லை. சில மணி நேரம் தாமதமானது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில மணி நேரத்தில் மன்னர் ஏழாம் ஹாகோன், மந்திரிகள், நாடாளுமன்றம், கஜானாத் தங்கம் எல்லாம் தலைநகரை விட்டு வெளியேறிவிட்டன.

அன்று சாயங்காலம் ரேடியோவில் ஒரு குரல். இனி நான்தான் பிரதமர் என்றது. விட்குன் குவிஸ்லிங்! முன்னாள் ராணுவ அதிகாரி, முன்னாள் ராணுவ மந்திரி. 1933ல் நாஸிகளைப் பார்த்து 'நாஷனல் சாம்லிங்' என்று ஒரு கட்சி ஆரம்பித்தவர். தேர்தலில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது சுமார் 2 சதவீத ஓட்டு. சீட்டு, சுத்தமாகக் கிடையாது. ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தராததை ஜெர்மன் ராணுவம் வாங்கித் தரும் என்று நினைத்தார்.

ஜெர்மன் தூதர் மன்னரைத் தேடிப் போய், குவிஸ்லிங்கைப் பிரதமராக ஏற்றுக்கொள்ளச் சொன்னார். மன்னர் தன் மந்திரிகளைக் கூப்பிட்டார். இதற்குச் சம்மதிக்க என்னால் முடியாது, நீங்கள் சம்மதிப்பதாக இருந்தால் நான் முடி துறக்கிறேன் என்றார். மந்திரிகளும் மறுத்தார்கள். குவிஸ்லிங்கின் முதல் பதவி ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. ஆனால் அவர் பெயர் நிலைத்துவிட்டது. அதே ஏப்ரலில் லண்டன் டைம்ஸ் பத்திரிகை, துரோகி என்பதற்கு மாற்றுச் சொல்லாக 'குவிஸ்லிங்' என்று எழுதிவிட்டது. இன்றைக்கும் ஆங்கில அகராதியில் இருக்கிறது. நம்மூரில் எட்டப்பன் மாதிரி.

ஜூன் 7ம் தேதி மன்னரும் அரசாங்கமும் பிரிட்டிஷ் கப்பலேறி லண்டன் போய்விட, ஹிட்லர் அனுப்பிய யோசெஃப் டெர்போவன் நாட்டை ஆளத் தொடங்கினார். செப்டெம்பரில் எல்லாக் கட்சிகளும் தடை. ஒன்றைத் தவிர. எதைத் தவிர என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

*

ஜனங்கள் என்ன செய்தார்கள்?

முதலில் சில்லறைக் குறும்புகள். மன்னரின் முத்திரை எழுத்தான 'ஹெச் 7' என்பதைச் சுவரில் எழுதினார்கள், ரோட்டில் எழுதினார்கள், பனியில்கூட எழுதினார்கள். டிராமில் ஒரு ஜெர்மன் சிப்பாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்துபோய் நின்றுகொள்வது. இது எவ்வளவு எரிச்சலைக் கிளப்பியது என்றால், இடம் காலியாக இருக்கும்போது நின்றுகொண்டு வருவது குற்றம் என்று அறிவிப்புப் போடும் அளவுக்கு! சிவப்புக் குல்லா போட்டார்கள். 1942 பிப்ரவரியில் அதற்கும் தடை.

அடுத்த கட்டம் கொஞ்சம் சீரியஸ். விளையாட்டுச் சங்கங்களை அரசாங்கம் கையிலெடுத்துக்கொண்டதும் வீரர்கள் போட்டிக்கே வர மாட்டோம் என்றுவிட்டார்கள். போர் முடியும் வரை அந்தப் புறக்கணிப்பு நீடித்தது. 1940 டிசம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒட்டுமொத்தமாக ராஜினாமா. 1941 மே மாதம் 43 சங்கங்கள் சேர்ந்து டெர்போவனுக்கு ஒரு கண்டனக் கடிதம்.

டெர்போவன் கடிதத்தைப் படித்தார். சங்கத் தலைவர்களைக் கூப்பிட்டு அனுப்பினார். சிலரை அங்கேயே கைது செய்தார். பல சங்கங்களைக் கலைத்தார், மற்றவற்றுக்குத் தன் ஆட்களை மேலே உட்கார வைத்தார். கதை முடிந்தது.

இதையெல்லாம் படிக்க ஜாலியாக இருக்கலாம். அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1941 செப்டெம்பரில் ஆஸ்லோவின் கப்பல் கட்டும் தளங்களிலும் தொழிற்சாலைகளிலும் தொழிலாளர்களுக்குக் கொடுத்துவந்த பாலை நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். வெறும் பால்தானே? டெர்போவன் அவசர நிலையை அறிவித்தார். விக்கோ ஹான்ஸ்டீன், ரோல்ஃப் விக்ஸ்ட்ரோம் என்று இரண்டு தொழிற்சங்கக்காரர்களை செப்டெம்பர் 10ம் தேதி சுட்டுக் கொன்றார்கள். வேலைநிறுத்தம் தொடங்கி மூன்றாவது நாள்.

இனி எதிர்ப்பு என்றால் அதற்கு என்ன விலை என்பது நாட்டில் எல்லோருக்கும் தெரியும். வாத்தியார்களுக்கும் தெரியும்.

*

1942 பிப்ரவரி 1. குவிஸ்லிங்கை மறுபடி கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். இந்த முறை 'மினிஸ்டர் பிரசிடென்ட்' என்று பட்டம். மனிதருக்கு ஒரு பெரிய கனவு இருந்தது. வாத்தியார், டாக்டர், இன்ஜினீயர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம். எல்லோரும் கட்டாய உறுப்பினர். சங்கங்களின் தலைவர்கள் எல்லாம் கட்சிக்காரர்கள். அந்தச் சங்கங்களை வைத்தே ஒரு நாடாளுமன்றம். முசோலினியின் இத்தாலியில் பார்த்த மாடல்.

எங்கிருந்து தொடங்குவது? சந்தேகமென்ன, பள்ளிக்கூடத்திலிருந்துதான். பிப்ரவரி 5ம் தேதி இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, 10 வயதிலிருந்து 18 வயது வரை உள்ள அத்தனை பிள்ளைகளும் கட்சியின் இளைஞர் அமைப்பில் சேவை செய்தாக வேண்டும். இரண்டு, எல்லா ஆசிரியர்களும் புதிய ஆசிரியர் சங்கத்தின் உறுப்பினர்கள். சேருகிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. சேர்த்தாகிவிட்டது.

நீங்கள் அந்த ஊர் வாத்தியாராக இருந்தால் என்ன செய்வீர்கள்? சங்கம் கூட்டி எதிர்க்கலாம். ஆனால் சங்கம் ஏது? இருந்ததைத்தான் பிடுங்கியாயிற்றே. தலைவரை வைத்துப் போராடலாம். தலைவரைத் தூக்கி உள்ளே போட்டால் தீர்ந்தது.

ஆஸ்லோவில் ரகசியமாகக் கூடிய ஒரு சின்னக் குழு வேறு மாதிரி யோசித்தது. ஒரு கடிதம். நாலைந்து வரிதான். அதன் சாரம் இது: இளைஞர் அமைப்பு சொல்கிற வழியில் பிள்ளைகளை வளர்க்க என் மனசாட்சி இடம் கொடுக்காது, உங்கள் சங்கத்தில் இருந்தால் அதைச் செய்தாக வேண்டும் என்கிறீர்கள், ஆகவே நான் உறுப்பினர் இல்லை.

இந்த வாசகத்தை ஆள் விட்டு ஆள் ரகசியமாக நாடு முழுக்கக் கடத்தினார்கள். நிபந்தனைகள் மிகவும் எளிமை. ஒவ்வொருத்தரும் தன் கையால் எழுத வேண்டும். தன் பெயர், தன் விலாசம், தன் கையெழுத்து. எல்லோரும் ஒரே வாசகம். எல்லோரும் ஒரே நாளில், பிப்ரவரி 20ம் தேதி, தபாலில் போட வேண்டும்.

இதிலுள்ள சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு இது ஒரு கூட்டுறவு இன்ஷூரன்ஸ் மாதிரி தெரிகிறது. வாசகம் ஒன்றே என்பதால் இவன் அதிகம் சொன்னான், அவன் குறைத்துச் சொன்னான் என்று பிரித்தெடுத்து உதைக்க முடியாது. ஒரே நாளில் வருவதால் முதலில் எழுதியவன் யார் என்ற கேள்வியே இல்லை. ரிஸ்க் எல்லோர் தலையிலும் சமமாக விழுகிறது. கலைப்பதற்கு ஒரு சங்கமும் கிடையாது. 43 சங்கங்களை ஒரு மத்தியானத்தில் முடக்கலாம். தனித்தனியாக வீட்டில் உட்கார்ந்து எழுதிய ஆயிரக்கணக்கான மனிதர்களை எந்தச் சட்டம் போட்டுக் கலைப்பது?

ஆனால் இந்த இன்ஷூரன்ஸில் ஒரு ஓட்டை உண்டு. மற்றவர்கள் பிரீமியம் கட்டுவார்களா என்று தெரியாமலேயே நீங்கள் கட்ட வேண்டும். ஏதோ ஒரு மலைக் கிராமத்தில் ஓராசிரியர் பள்ளி. வெளியே பனி. அந்த வாத்தியார் கடிதத்தைத் தபால் பெட்டியில் போடும்போது, நாடு முழுக்க எத்தனை பேர் போடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஐம்பது பேர் மட்டும் போட்டிருந்தால்? ஐம்பது பேரும் காலி. விலாசத்தை அவர்களே எழுதிக் கொடுத்தாயிற்று.

ஐம்பது பேர் இல்லை. குறைந்தபட்சக் கணக்கு போடுகிறவர்களே 8 ஆயிரத்துக்கு மேல் என்கிறார்கள். 12 ஆயிரம் என்று சொல்பவர்களும் உண்டு. நாட்டின் வாத்தியார்களில் மிகப் பெரும்பாலோர்.

*

அரசாங்கம் ஆடிப்போனது. வேலையை விட்டு நீக்குவோம் என்று மிரட்டியது. அத்தனை பேரையும் நீக்கினால் பள்ளிக்கூடம் யார் நடத்துவது? யோசித்து யோசித்து ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். குளிருக்கு எரிக்க விறகு பற்றாக்குறை, ஆகவே பள்ளிகளுக்கு ஒரு மாத விடுமுறை!

நார்வேயில் விறகுப் பஞ்சம். நம்மூர்க் கடற்கரையில் உப்புப் பஞ்சம் என்று சொல்வதைப் போல. திரும்பிய பக்கமெல்லாம் காடு. விறகு நாங்கள் தருகிறோம், பள்ளியைத் திறங்கள் என்று ஜனங்கள் முன்வந்தார்கள். இந்த விடுமுறையால் ஒரே ஒரு நன்மைதான் நடந்தது, அதுவும் எதிர் முகாமுக்கு. எதற்கு விடுமுறை என்று பிள்ளைகளின் அம்மா அப்பாக்களுக்கெல்லாம் தெரிந்துபோனது.

அடுத்து அவர்கள் பேனாவை எடுத்தார்கள். என் பிள்ளையை அந்த இளைஞர் அமைப்புக்கு அனுப்ப மாட்டேன் என்று பெற்றோர் எழுதிய கடிதங்கள் கல்வி இலாகாவில் மூட்டை மூட்டையாக வந்து விழுந்தன. இரண்டு லட்சத்துக்கும் மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மொத்த ஜனத்தொகையே 30 லட்சம் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மார்ச் 20ம் தேதி கைது தொடங்கியது. சுமார் ஆயிரம் பேர். ஆண்களை மட்டும் எடுத்தார்கள். பல நூறு பேரை லில்லஹாமர் பக்கத்தில் உள்ள ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். சாப்பாடு அரைகுறை. வேலை என்று பெயர் சொல்லிக்கொண்டு வதை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பனியிலும் சேற்றிலும் ஊர்ந்துபோகச் சொன்னார்கள். போர்டில் சாக்பீஸ் பிடித்துப் பழகிய, ஐம்பது வயதைத் தாண்டிய ஆட்களும் அதில் உண்டு. இடையிடையே ஒரு கேள்வி மட்டும் வரும். கடிதத்தை வாபஸ் வாங்குகிறாயா? ஒரு கையெழுத்து. போட்டால் வீட்டுக்குப் போகலாம்.

பணிந்தவர்கள் இருந்தார்கள். மிகச் சிலர். அவர்களைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. மற்றவர்கள் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் நடுவில் அவர்களில் ஏறக்குறைய 500 பேரை மாட்டு வேகனில் ஏற்றினார்கள். ரயில் போகிற வழியில் ஸ்டேஷன்களில் பிள்ளைகள் கூடி நின்று பாடினார்கள் என்று பதிவு இருக்கிறது. ட்ரான்ட்ஹெய்ம் துறைமுகத்தில் 'ஷேர்ஸ்டாட்' என்று ஒரு பழைய கப்பல். அது கொள்கிற ஆட்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அடைத்தார்கள். காற்று இல்லை, படுக்க இடமில்லை, பலருக்கு உடம்பு சரியில்லை. அந்தக் கோலத்தில் இரண்டு வாரப் பயணம். வட துருவ வட்டத்தைத் தாண்டி, ரஷ்ய எல்லைப் பக்கம், கிர்கெனெஸ் என்னும் ஊர்.

அது போர் முனை. மேலே ரஷ்ய விமானங்கள் குண்டு போட, கீழே துறைமுகத்தில் ஜெர்மன் ராணுவத்துக்குச் சரக்கு இறக்குகிற வேலை. பின்னால் இன்னொரு தொகுதி வந்து சேர, மொத்தம் 600 பேருக்கு மேல் ஆனார்கள். அந்தக் குளிரிலும் கூடி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பாடம் நடத்தினார்கள், பாட்டுக் குழு வைத்துக்கொண்டார்கள். வாத்தியார்கள் இல்லையா?

*

இதற்கிடையே பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. கைதாகாத வாத்தியார்கள் வகுப்புக்கு வந்து, பிள்ளைகள் எதிரில் நின்று, நான் அந்தச் சங்கத்தில் உறுப்பினர் இல்லை என்று சொல்லிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார்கள். பாதிரியார்களும் இதற்குள் களத்தில் இறங்கியிருந்தார்கள். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று பெரும்பாலான பாதிரியார்கள் அரசு உத்தியோகத்தைத் துறந்தார்கள். ஆஸ்லோ பிஷப் பெர்க்ராவைக் கைது செய்து காட்டுக்குள் ஒரு குடிலில் அடைத்தார்கள். போர் முடிகிற சமயம் வரை அங்கேதான்.

ஏப்ரல் முடிவதற்குள் அரசாங்கம் இறங்கி வந்தது. கட்டாய உறுப்பினர் விவகாரத்தை மெல்லக் கைகழுவினார்கள். மே 22ம் தேதி குவிஸ்லிங் ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் ஸ்டாபெக் என்னும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள் நேரில் போய், அங்கிருந்த ஆசிரியர்களிடம் கத்தித் தீர்த்தார். வாத்தியார்களாகிய நீங்கள்தான் என் எல்லாத் திட்டத்தையும் நாசம் செய்துவிட்டீர்கள் என்றார். எதிராளிக்கு இதைவிட நல்ல சர்ட்டிபிகேட்டை யாரும் கொடுத்திருக்க முடியாது. பேசி முடித்த கையோடு அந்தப் பள்ளி ஆசிரியர்களையும் கைது செய்ய வைத்தார் என்பது வேறு விஷயம்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் அவருடைய சங்க நாடாளுமன்றக் கனவையே கைவிடும்படி ஜெர்மானிய எஜமானர்கள் சொல்லிவிட்டார்கள். கிர்கெனெஸ் போன வாத்தியார்களில் நோயாளிகளை முதலில் அனுப்பினார்கள். மற்றவர்கள் 1942 நவம்பரில் வீடு திரும்பினார்கள். திரும்பவும் பள்ளிக்கூடம், திரும்பவும் சாக்பீஸ். இளைஞர் அமைப்பின் கட்டாய சேவை நார்வேப் பள்ளிக்கூடங்களில் கடைசி வரை நடைமுறைக்கு வரவே இல்லை.

ஒரு வேடிக்கையான பொருத்தம் சொல்கிறேன். வாத்தியார்கள் கைதான அதே 1942 மார்ச்சில் அமெரிக்காவில் ஜான் ஸ்டீன்பெக் எழுதிய 'தி மூன் இஸ் டவுன்' என்ற சின்ன நாவல் வெளியானது. பெயர் சொல்லாத ஒரு குளிர் தேசம், பெயர் சொல்லாத ஒரு படை வந்து பிடித்துக்கொள்கிறது. படித்தவர்கள் எல்லோருக்கும் அது நார்வே என்று தெரிந்தது. ரகசியமாக நார்வே மொழியில் பெயர்த்து உள்ளே கடத்தினார்கள். போர் முடிந்த பிறகு மன்னர் ஹாகோன் ஸ்டீன்பெக்குக்கு ஒரு பதக்கமே கொடுத்தார். அந்தக் கற்பனை தேசத்து ஜனங்களுக்கு ஆகாயத்திலிருந்து பாராசூட்டில் குட்டிக் குட்டி டைனமைட் வந்து விழும். நிஜ தேசத்திலும் பின்னால் வெடி வைத்தவர்கள் உண்டு. 1943 பிப்ரவரியில் வெமோர்க் கனநீர் ஆலையைத் தகர்த்தது உலகப் பிரசித்தம். ஆனால் எந்த நாவலாசிரியருக்கும் தபால் பெட்டியை ஆயுதமாக வைத்து ஒரு காட்சி எழுதத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் பதிப்பாளர் நம்பியிருக்க மாட்டார்.

*

இங்கேயே முற்றுப்புள்ளி வைத்தால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் வரவை மட்டும் எழுதிவிட்டுப் பேரேட்டை மூடக்கூடாது. பற்றும் இருக்கிறது.

முதல் விஷயம். நார்வேக்காரர்களை நாஸிகள் தங்கள் ரத்த பந்தமாக நினைத்தார்கள். உதைத்தாவது வழிக்குக் கொண்டுவர வேண்டிய பங்காளிகள். போலந்துக்காரர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. 1939 நவம்பரில் கிராக்கவ் நகரப் பேராசிரியர்களை ஒரு சொற்பொழிவுக்கு என்று கூப்பிட்டு, 180க்கும் மேற்பட்டவர்களைச் சிறைபிடித்து வதை முகாமுக்கு அனுப்பினார்கள். அவர்கள் எந்தக் கடிதமும் எழுதியிருக்கவில்லை. நார்வேயிலேயே 1942 ஏப்ரல் கடைசியில், இரண்டு ஜெர்மன் போலீஸ் அதிகாரிகள் சுடப்பட்டதற்காக டெலவோக் என்ற கடலோர கிராமத்தை அடியோடு கொளுத்தி, ஆண்களை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். பலர் திரும்பவில்லை. ஆகவே, கடிதம் எழுதினால் எங்கேயும் ஜெயிக்கலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது விஷயம்தான் நெஞ்சில் முள்.

வாத்தியார்கள் கடிதம் எழுதிய அதே 1942ன் தொடக்கத்தில், நார்வேயில் இருந்த யூதர்கள் தங்கள் அடையாள அட்டையில் 'ஜே' என்று முத்திரை குத்திக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. கூடவே ஒரு படிவம். பெயர், விலாசம், தொழில், சொத்து. படிவத்தைக் கொடுத்ததும் வாங்கி அடுக்கியதும் நார்வேப் போலீஸ். மொத்தமே இரண்டாயிரம் சொச்சம் யூதர்கள். அந்தப் படிவத்தை எதிர்த்து இரண்டு லட்சம் கடிதங்கள் வரவில்லை.

கிர்கெனெஸ் வாத்தியார்கள் வீடு திரும்பிய அதே நவம்பரில், 26ம் தேதி விடியற்காலை, ஆஸ்லோவில் போலீஸார் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். டாக்ஸிகளைப் பிடித்துவைத்திருந்தார்கள். பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். துறைமுகத்தில் 'டொனாவ்' என்ற கப்பல் காத்திருந்தது. 500க்கும் மேற்பட்டவர்களை அது ஏற்றிக்கொண்டு போனது. போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ். முன்னும் பின்னுமாக நார்வேயிலிருந்து அனுப்பப்பட்ட யூதர்கள் சுமார் 770 பேர். உயிரோடு மீண்டவர்கள் 40 பேர்கூட இல்லை.

யாருமே எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அந்த நவம்பரில் சர்ச் தலைவர்கள் குவிஸ்லிங்குக்குக் கண்டனம் எழுதினார்கள். பாதிக்கும் மேற்பட்ட யூதர்கள் ஸ்வீடனுக்குத் தப்பினார்கள். ராத்திரியோடு ராத்திரியாக அவர்களைக் காடு தாண்டிக் கொண்டுபோய் விட்டவர்களும் சாதாரண நார்வேக்காரர்கள்தான். ஆனாலும் அந்தக் கப்பல் புறப்பட்டுவிட்டது.

ஏன் அங்கே ஜெயித்து, இங்கே தோற்றார்கள்?

யோசித்தால் விடை அவ்வளவு கஷ்டமில்லை. வாத்தியார் விஷயத்தில் அரசாங்கத்துக்கு வாத்தியாரின் உழைப்பு தேவைப்பட்டது. வகுப்பில் நின்று பாடம் நடத்த அவர் வேண்டும். அவர் கையை விரித்ததும் திட்டமே படுத்துவிட்டது. யூதர்களிடம் அரசாங்கத்துக்கு எந்த உழைப்பும் தேவையில்லை. அவர்கள் ஒத்துழைக்க மறுப்பதால் எதுவும் நிற்காது. அங்கே ஒத்துழைப்பு தேவைப்பட்டது வேறு ஆட்களிடம். படிவத்தை அடுக்கிய குமாஸ்தா, பட்டியலைத் தட்டச்சு செய்தவர், கதவைத் தட்டிய கான்ஸ்டபிள், ஸ்டீயரிங்கைப் பிடித்த டிரைவர். மாட்டேன் என்று அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நிச்சயம் நின்றிருக்கும் என்று சொல்லவில்லை. கஷ்டமாகியிருக்கும். தாமதமாகியிருக்கும். ஒரு பழைய பீரங்கி சில மணி நேரத் தாமதத்தை வாங்கிக் கொடுத்தபோது என்ன நடந்தது என்று மேலே பார்த்தோமே, அந்த மாதிரி. ஸ்வீடன் எல்லை ரொம்ப தூரத்தில் இல்லை.

1945 மே 8ல் நார்வே விடுதலையானது. டெர்போவன் அன்றைக்கே வெடி வைத்துத் தற்கொலை செய்துகொண்டார். ஜூன் 7ம் தேதி, நாட்டை விட்டுப் போய் சரியாக ஐந்து வருஷம் கழித்து, மன்னர் திரும்பி வந்தார். அக்டோபர் 24ம் தேதி குவிஸ்லிங்கைச் சுட்டுத் தண்டனையை நிறைவேற்றினார்கள். வாத்தியார்களின் கதை பாடப்புத்தகத்துக்குப் போனது. டொனாவ் கப்பலின் கதையை அரசாங்கம் வாய் திறந்து சொல்ல ரொம்ப காலம் பிடித்தது. 2012 ஜனவரியில்தான் பிரதமர் ஸ்டோல்டென்பர்க், அந்தக் கைதுகளைச் செய்தவர்கள் நார்வேக்காரர்கள் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். 70 வருஷம்.

நான் ஒருத்தன் மாட்டேன் என்றால் என்ன ஆகிவிடப் போகிறது என்று ஒரு வாசகம் நம் எல்லோர் வாயிலும் உண்டு. அந்த மலைக் கிராமத்து வாத்தியாரும் தபால் பெட்டி எதிரில் நின்று அதையேதான் நினைத்திருப்பார். நவம்பர் 26ம் தேதி விடியற்காலையில் கையில் பட்டியலோடு படியேறிய கான்ஸ்டபிளும் நினைத்திருப்பார். வாத்தியார் கடிதத்தைப் போட்டார். கான்ஸ்டபிள் கதவைத் தட்டினார்.